கல்லற்றவர்

சிறுநீரகக் கல்லுக்கென்றே கட்டிய அந்த ஆராய்ச்சி நிலையத்தில் கழிப்பறைகள் பூட்டியே இருக்கும். சொன்னால் யாரும் நம்புவதில்லை. நம்பாதவர்கள் போய்ப் பார்த்துக்கொள்ளட்டும். வாசலில் பித்தளையில் வார்த்த ஆளுயரச் சிறுநீரகம் ஒன்று நிற்கும். அதற்குப் பின்னால் மூன்று கதவுகள், மூன்றிலும் பூட்டு. சாவிக்கொத்து ஆராய்ச்சி நர்ஸின் இடுப்பில் தொங்கும். உள்ளே வருகிற நோயாளியின் சிறுநீர் ஆராய்ச்சிக்குச் சொந்தம், ஒரு சொட்டுகூடச் சும்மா போய்விடக் கூடாது என்பது அவர்கள் கொள்கையாம்.

நான் பூட்டு ரிப்பேர் செய்கிறவன். பூட்டைப் பார்த்தால் வீட்டுக்காரனைப் பற்றிச் சொல்லிவிடுவேன். உள்ளே ஒன்றும் இல்லாதவன்தான் பெரிய பூட்டாக வாங்கித் தொங்கவிடுவான். அதனால் வாசலிலேயே மாமாவிடம், "வேண்டாம், வேற இடம் பாக்கலாம், வாங்க" என்றேன். அவர் கேட்கிற நிலையில் இல்லை. விலாவைப் பிடித்துக்கொண்டு பித்தளைச் சிறுநீரகத்தின் மேலேயே சாய்ந்து நின்றிருந்தார்.

மாமா என்றால் என் அக்காவின் கணவர். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். பயிற்சிக் காரில் பக்கத்து இருக்கைக்குக் கீழேயும் ஒரு பிரேக் உண்டல்லவா, அதன்மேல் காலை வைத்தே பாதி ஆயுளை ஓட்டியவர். எங்கள் பக்கத்தில் எல்லோரும் அவரை 'பிரேக்கு' என்றுதான் கூப்பிடுவார்கள். யார் எதைச் சொன்னாலும் "சரி, மெதுவா" என்பார். அக்கா அப்படி இல்லை. பஸ் நிலையத்தில் ஒலிபெருக்கியில் அறிவிப்புச் செய்கிற வேலை அவளுக்கு. அவள் சொன்னால் கூட்டம் ஓடும்.

அங்கே எங்களை முதலில் பார்த்தது ஒரு சின்ன வயது டாக்டர் பெண். எல்லோரும் சின்ன டாக்டர் என்றார்கள். மாமாவை எடுத்த ஸ்கேன் படத்தை விளக்கில் மாட்டிப் பார்த்துவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"சார், வலது சிறுநீரகத்துல ஒரு கல்லு. நிலக்கடலை அளவு இருக்கு. அதுகூடப் பரவாயில்ல. உங்க இடது சிறுநீரகம் பிறவியிலேயே வளரல. சுண்டைக்காய் மாதிரி சும்மா ஒட்டிக்கிட்டு இருக்கு, வேலை செய்யல. உங்களுக்கு இருக்கறது இந்த வலது ஒண்ணுதான். இது அடைச்சுதுன்னா அவ்வளவுதான்."

"சரி, மெதுவா" என்றார் மாமா.

"மெதுவா இல்ல சார், இன்னைக்கே. சிறுநீர் வர வழியா மெல்லிசா ஒரு குழாய் விட்டு, லேசர்ல உடைச்சு, மொத்தத்தையும் வெளியில எடுத்துடலாம்."

அக்கா கையெடுத்துக் கும்பிடப் போனாள். அதற்குள் நிலையத்தின் இயக்குநர் பரிவாரத்தோடு உள்ளே வந்துவிட்டார். பளபளவென்று மழித்த முகம், மடிப்புக் கலையாத வெள்ளை அங்கி, தொட்டால் சில்லென்றிருக்கும் என்று தோன்றும் ஒரு புன்னகை. நான் அந்த நிமிடமே அவருக்குச் 'சலவைக்கல்' என்று பெயர் வைத்துவிட்டேன்.

"டாக்டர், என்ன இது, நோயாளிக்கு எது நல்லதுன்னு உங்களுக்குத் தெரிஞ்ச மாதிரி பேசறீங்க?" என்றார் சலவைக்கல். "அது தெரிஞ்சுட்டா ஆராய்ச்சி எதுக்கு? இந்த நிலையத்துக்கு அஸ்திவாரமே தெரியாமைதான். தெரியாதுன்னு எழுதிக் குடுத்துதான் நிதி வாங்கறோம். அதை நீங்க பாட்டுக்கு நோயாளி முன்னாடி தெரியும்னு சொல்லலாமா?"

அவர் நடத்திய ஆராய்ச்சி இதுதான். கல்லுக்கு இரண்டு வைத்தியம். ஒன்று சின்ன டாக்டர் சொன்ன குழாய். இன்னொன்று, உடம்புக்கு வெளியே ஒரு இயந்திரத்தை வைத்து அதிர்ச்சி அலையால் அடித்துக் கல்லை நொறுக்குவது. நொறுங்கிய துண்டுகள் தாமாகச் சிறுநீரில் வந்துவிட வேண்டும். யாருக்கு எந்த வைத்தியம் என்பதை நோயாளியும் முடிவு செய்வதில்லை, டாக்டரும் முடிவு செய்வதில்லை. ஒட்டிய உறைகளைக் குலுக்கி ஒன்றை எடுப்பார்கள், உள்ளே என்ன எழுதியிருக்கிறதோ அதுதான்.

"ஒரு சிறுநீரகம் மட்டும் இருக்கறவங்களை இந்த ஆய்வுல சேக்கக் கூடாது சார், விதி இருக்கு" என்றாள் சின்ன டாக்டர்.

"விதில என்னன்னு இருக்கு?"

"ரெண்டு சிறுநீரகம் இருக்கணும்னு."

"இவருக்கு எத்தனை?"

"ரெண்டு. ஆனா ஒண்ணு வேலை செய்யல."

"வேலை செய்யணும்னு விதில இருக்கா? வேலை செய்யாததை எல்லாம் எண்ணிக்கையிலேர்ந்து எடுத்துட்டா, நம்ம நிலையத்துல எத்தனை பேருக்கு நாற்காலி மிஞ்சும்?" என்று கேட்டார். பரிவாரம் சிரித்தது. சிரித்தவர்கள் எல்லோரும் நாற்காலி உள்ளவர்கள்.

உறை திறப்பதற்கென்று தனியாக ஒரு கூடம் வைத்திருந்தார்கள், ஐயா! கம்பளம் விரித்து, விளக்குப் போட்டு, ஒரு போட்டோக்காரரை நிறுத்தியிருந்தார்கள். சலவைக்கல் ஒரு வெள்ளிக் கத்தியால் உறையைக் கிழித்து, தாளை உயர்த்திப் பிடித்து, "அதிர்ச்சி அலை!" என்றார். கை தட்டினார்கள். மாமாவும் மரியாதைக்காக இரண்டு தட்டுத் தட்டினார். சின்ன டாக்டர் மட்டும் கைகளை அங்கிப் பைக்குள் வைத்திருந்தாள்.

"இதை யாருங்க முடிவு பண்ணது?" என்று அக்கா கேட்டாள்.

"யாருமே முடிவு பண்ணலம்மா. அதுதான் இதோட பெருமை. நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா யாரையும் கேக்க முடியாது பாருங்க."

மாமாவைப் படுக்க வைத்து இயந்திரம் டொக் டொக்கென்று அடித்தது. அடித்து முடித்ததும் குடம் குடமாகத் தண்ணீர் குடிக்கச் சொல்லி, கையில் ஒரு வடிகட்டியைக் கொடுத்து உட்கார வைத்தார்கள். குடித்தவருக்கு முட்டிக்கொண்டு வந்தது. நர்ஸைக் காணோம். சாப்பிடப் போய்விட்டாள், சாவியும் அவளோடு போய்விட்டது. மாமா அந்தப் பித்தளைச் சிறுநீரகத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. அக்காவின் தலையிலிருந்து ஒரு கொண்டை ஊசியை உருவி நடுக் கதவைத் திறந்துவிட்டேன். அவ்வளவு பெரிய பூட்டு ஒரு கொண்டை ஊசிக்குத் தாங்கவில்லை.

நர்ஸ் வந்து தலையில் அடித்துக்கொண்டாள். "ஐயோ, அவ்வளவும் தரவுங்க! மொத்தத் தரவையும் தண்ணி ஊத்தி விட்டுட்டீங்களே!" அன்றிலிருந்து அந்த வாசலில் கொண்டை ஊசி இருக்கிறதா என்று அக்காவின் தலையைத் தடவிப் பார்த்துத்தான் எங்களை உள்ளே விட்டார்கள்.

பிறகு படம் எடுத்துப் பார்த்தார்கள். பெரிய கல் நொறுங்கிப் பெரும்பகுதி போய்விட்டது. ஒரு துண்டு மட்டும் சிறுநீரகத்திலிருந்து இறங்கி, கீழே சிறுநீர்ப்பைக்குப் போகிற குழாயில் குச்சி போல நின்றுகொண்டிருந்தது. சின்ன டாக்டர் விரலை வைத்துக் காட்டினாள். நீளம் பதினொரு மில்லிமீட்டர். அகலம் நாலுக்குக் கொஞ்சம் கம்மி.

சலவைக்கல் படத்தைப் பார்த்த அதே வேகத்தில் மாமாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "வாழ்த்துகள். நீங்க கல்லற்றவர்!"

"அங்க ஒண்ணு நிக்குதே சார்?" என்றாள் அக்கா.

"நாலு மில்லிமீட்டருக்குக் கீழ இருந்தா அது கல் இல்லம்மா. அதுக்கு முக்கியமற்ற துண்டுன்னு பேரு."

"நீளம் பதினொண்ணுன்னாங்களே?"

"நீளத்தை எதிர்த்தாப்ல இருக்கற ஆஸ்பத்திரிக்காரங்க அளப்பாங்க. நாங்க அகலத்தை அளப்போம். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வழக்கம்."

"நீளமா இருக்கறது குழாய்ல மாட்டிக்காதா?"

"மாட்டிக்கலாம்" என்றார் பெருந்தன்மையாக. "ஆனா மாட்டிக்கறது கல்லா இருக்காது."

ஊசி போகிற இடம் பார்ப்பான், உலக்கை போகிற இடம் பார்க்க மாட்டான் என்பார்கள். இவர்கள் உலக்கையைக் குறுக்கே அளந்துவிட்டு ஊசி என்று எழுதுகிற ஜாதி. சேர்க்கும்போது சுண்டைக்காய்ச் சிறுநீரகம் முழுசாக ஒன்று என்று கணக்கில் வந்தது. வெளியே அனுப்பும்போது குச்சிக் கல் ஒன்றுமே இல்லை என்று கணக்கில் போனது. இவர்கள் எண்ண ஆரம்பித்தால் இல்லாதது இருக்கும், இருப்பது இல்லாமல் போகும். மாமாவின் சட்டையில் 'நான் கல்லற்றவன்' என்று ஒரு வட்ட வில்லையைக் குத்தி அனுப்பினார்கள். அவர் அதை வீடு வரைக்கும் கழற்றவில்லை, குத்தினவர்கள் மனசு நோகுமாம்.

அந்த வாரமே வலி வந்தது. மாணவி ஒருத்தி சந்தையோரம் வண்டி ஓட்டிக்கொண்டிருக்க, மாமா காரணமே இல்லாமல் பிரேக்கை மிதித்து, கதவைத் திறந்து, நடு ரோட்டில் வாந்தி எடுத்திருக்கிறார். பின்னால் வந்த வண்டிகளெல்லாம் ஹாரன் அடித்திருக்கின்றன. நானும் அக்காவும் அவரை அள்ளிப் போட்டுக்கொண்டு நிலையத்தின் அவசரப் பிரிவுக்கு ஓடினோம்.

அங்கே உட்கார்ந்திருந்த டாக்டர் கம்ப்யூட்டரைப் பார்த்தார், மாமாவைப் பார்க்கவில்லை.

"உங்களுக்குக் கல் இல்லையே."

"வலிக்குது சார்" என்றார் மாமா, தரையில் சுருண்டு கிடந்தபடி.

"கல் இல்லாம கல் வலி வராது."

"ஒரு படம் எடுத்துப் பாருங்களேன்!" என்று கத்தினேன்.

"கல்லற்றவங்களுக்குப் படம் எடுக்கற பட்டன் வேலை செய்யாது. இங்க பாருங்க, சாம்பல் கலர்ல இருக்கு." கருணையோடு திரையை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். உண்மைதான். சாம்பல் கலர்தான்.

ஆனால் சும்மா திருப்பி அனுப்பினார்கள் என்று சொல்ல மாட்டேன். மாடியில் புதிதாக ஒரு ஆராய்ச்சி தொடங்கியிருந்தார்கள்: 'கல்லற்றோருக்கு வலி ஏன் வருகிறது?' சலவைக்கல்லின் கல்லற்றவர்கள் பலர் ஏற்கெனவே அங்கே நாற்காலிகளில் வலியில் மடங்கி உட்கார்ந்திருந்தார்கள். எல்லோர் சட்டையிலும் அதே வில்லை. மெதுவான குரலில் பேசுகிற ஓர் அம்மாள் மாமாவின் முன்னால் முகங்கள் வரைந்த அட்டையை நீட்டினாள். சிரிக்கிற முகத்திலிருந்து அழுகிற முகம் வரை வரிசையாக இருந்தது. மாமா அழுகிற முகத்தைத் தொட்டார்.

"அதைத் தொடாதீங்க சார். அது கல் இருக்கறவங்களுக்கு. உங்களுக்குச் சிரிக்கறதுல இருந்து இந்தச் சோகமானது வரைக்கும்தான்."

மாமா சோகமானதைத் தொட்டார்.

"நல்லது. இப்ப கண்ணை மூடுங்க. உங்க வலி உங்ககிட்ட என்ன சொல்ல வருது?"

"கல் இருக்குன்னு சொல்லுதும்மா."

"அதைத் தவிர?"

மாமா பாவம், யோசித்துப் பார்த்தார். அதைத் தவிர வேறு எதையும் அவர் வலி சொல்லவில்லை. அந்த அம்மாள் 'ஒத்துழைப்புக் குறைவு' என்று எழுதிக்கொண்டு ஒரு வலி மாத்திரை கொடுத்தாள்.

இறங்கி வரும்போது படிக்கட்டில் சின்ன டாக்டர் எங்களைப் பிடித்தாள். மூச்சு வாங்கியது. "இயக்குநர்கிட்ட நாலு தடவை கேட்டுட்டேன். மாநாடு முடியட்டும், இப்ப ஒருத்தரைக் கல் உள்ளவர்னு மாத்தினா மொத்தக் கணக்கும் கெடும்னு சொல்றாரு. மேடம், இது என் போன் நம்பர். காய்ச்சல் வந்தாலோ, சிறுநீர் நின்னு போனாலோ, உடனே கூப்பிடுங்க. இருக்கறது ஒரே ஒரு சிறுநீரகம், மறந்துடாதீங்க."

"எதிர் ஆஸ்பத்திரிக்குப் போயிடட்டுமா?" என்று அக்கா கேட்டாள்.

மாமாதான் கெடுத்தார். "ஒத்துக்கிட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கேன். பாதியில விட்டுட்டுப் போனா நல்லாவா இருக்கும்? மாத்திரைல கொஞ்சம் கேக்குது. சரி, மெதுவா பாக்கலாம்" என்றார். நல்லவனாக இருப்பதற்கும் ஓர் அளவு வேண்டும். அன்று அவரை நான் திட்டிய திட்டை எழுத முடியாது.

மாநாட்டு நாள் காலையில் மாமாவுக்குக் காய்ச்சல் கொதித்தது. முந்தின இரவிலிருந்து ஒரு சொட்டுகூடச் சிறுநீர் போகவில்லை. அக்கா சின்ன டாக்டருக்குப் போன் போட்டாள், எடுக்கவில்லை. மாநாட்டுக் கூடத்தில் எல்லோர் போனையும் வாசலிலேயே வாங்கி வைத்துவிட்டார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. அந்த நேரம் பார்த்து, மாமாவை மாநாட்டு மேடையில் வெற்றியாளராகக் காட்ட அழைத்துப் போக நிலையத்தின் வண்டி வந்து நின்றது. மாநாடும் ஆஸ்பத்திரியும் ஒரே கட்டடம்தானே என்று ஏற்றினோம். போய் இறங்கியதும் இரண்டு பேர் அவரைச் சக்கர நாற்காலியில் வைத்து, வில்லையை நேராகக் குத்தி, நாங்கள் சொல்லச் சொல்லக் கேட்காமல் மேடைக்கே தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். பின்னாலேயே நாங்களும் ஓடினோம்.

கூடம் நிறையக் கல் டாக்டர்கள். முன்வரிசையில் எல்லோர் முன்னாலும் தண்ணீர் பாட்டில். சலவைக்கல் பேசிக்கொண்டிருந்தார்.

"கல்லை உடைக்க ரொம்ப காலம் முயற்சி பண்ணோம். கல் உடையல. அப்புறம் ஒரு நாள் கல்லுக்கான விளக்கத்தை உடைச்சோம். அன்னைக்கே வெற்றி! இந்த ஆய்வுல சேர்ந்த அத்தனை பேரும் இன்னைக்குக் கல்லற்றவங்க. சிலர் வலிக்குதுன்னு சொல்றாங்க. வலிங்கறது நோயாளியோட அபிப்பிராயம். ஆராய்ச்சில அபிப்பிராயத்துக்கு இடம் இல்ல. இதோ நம்ம கடைசி வெற்றியாளர், எவ்வளவு அமைதியா உக்காந்திருக்கார் பாருங்க!"

மாமா அமைதியாகத்தான் இருந்தார். தலை ஒரு பக்கம் தொங்கியிருந்தது. பற்கள் கிட்டியிருந்தன, உடம்பு தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தது. அக்கா விறுவிறுவென்று மேடையேறிச் சலவைக்கல்லின் முன்னாலிருந்த மைக்கைப் பிடுங்கினாள். மைக் கைக்கு வந்தால் அவளுக்கு வேலைக் குரல் தானாக வந்துவிடும். அழுகையும் அந்தக் குரலில்தான் வந்தது.

"அனைவரின் கவனத்திற்கு. மேடையில் அமர்ந்திருக்கும் கல்லற்றவருக்கு நேற்று இரவு முதல் சிறுநீர் வரவில்லை. கடும் காய்ச்சல் உள்ளது. இந்தக் கூடத்தில் டாக்டர் யாராவது இருந்தால், உடனடியாக மேடைக்கு வரவும்."

முன்னூறு டாக்டர்கள் இருந்த கூடம் அது. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முன்வரிசையில் ஒருவர் நிகழ்ச்சி நிரலை எடுத்துத் திருப்பினார். இன்னொருவர், "அவர் எந்தக் குழு? அலையா, குழாயா?" என்று பக்கத்தில் கேட்டார்.

"கேள்வி நேரம் தேநீருக்கு அப்புறம்தாம்மா" என்றார் மாநாட்டுத் தலைவர், மரியாதையாக.

"மீண்டும் அறிவிக்கிறோம்" என்றாள் அக்கா. குரல் உடைந்துவிட்டது. "டாக்டர் யாராவது இருந்தால்..."

கடைசி வரிசையிலிருந்து சின்ன டாக்டர் நாற்காலிகளை இடித்துக்கொண்டு ஓடிவந்தாள். மாமாவின் நெற்றியைத் தொட்டாள். உடனே நாற்காலியைத் திருப்பித் தள்ள ஆரம்பித்தாள். அதே கட்டடத்தின் அறுவை அறைக் கதவு திறக்கவில்லை. கல்லற்றவர் பெயரைப் போட்டால் அனுமதி வராதாம், அங்கேயும் அந்தச் சாம்பல் பட்டன்தான். அந்தக் கதவில் சாவித்துவாரமே இல்லை, இருந்திருந்தால் நான் திறந்திருப்பேன். அப்படியே வாசல் தாண்டி, போகிற வண்டிகளைக் கையால் நிறுத்தி, ரோட்டைக் கடந்து எதிர் ஆஸ்பத்திரிக்குள் தள்ளிக்கொண்டு போனோம்.

அங்கேயும் மகான்கள் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. உள்ளே நுழைந்ததுமே ஒருத்தர் ஓர் உறையை எடுத்தார். அக்கா பார்த்த பார்வையில் அது திரும்ப மேஜைக்குள் போய்விட்டது. குழாய் போட்டு அடைப்பைத் திறந்தார்கள். உள்ளே தேங்கியதெல்லாம் சீழாக வந்தது. உடம்பு தேறிய பிறகு கல்லையும் எடுத்து ஒரு சின்னக் குப்பியில் போட்டுக் கொடுத்தார்கள். நீளவாட்டில் அளந்துதான் கொடுத்தார்கள்.

உயிர் பிழைத்தார். ஆனால் அத்தனை நாள் அடைத்துக் கிடந்த சிறுநீரகத்தில் பாதி செத்துவிட்டது. "வலி வந்த அன்னைக்கே வந்திருந்தா முழுசா காப்பாத்தியிருக்கலாம்" என்றார் அந்த டாக்டர். அக்கா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள், வெகுநேரம் திரும்பவில்லை. சின்ன டாக்டரை நிலையத்திலிருந்து நீக்கிவிட்டார்கள். கல்லற்ற நோயாளியின் உடம்பிலிருந்து கல் எடுக்கத் தூண்டினாள் என்பது குற்றம். சலவைக்கல்லுக்கு ஒரு விருது கொடுத்தார்கள்.

இப்போது மாமாவுக்கு உப்பு ஆகாது, தண்ணீரும் அளந்துதான். கால் வீங்கிப் பிரேக்கில் வைக்க முடியாததால் பயிற்சிக் காரில் வேறு ஆள் உட்காருகிறார். போன வாரம் நான் அவர்கள் வீட்டில் இருந்தபோது மாமாவுக்குப் போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டார். சாவிக்கொத்து நர்ஸின் குரல்.

"சார், ஆய்வு முடிஞ்சு ஒரு வருஷம் ஆச்சு. கடைசியா ரெண்டே கேள்விதான். உங்களுக்கு இப்ப கல் இருக்கா?"

"இல்லம்மா. எதிர் ஆஸ்பத்திரில எடுத்துட்டாங்க."

"யார் எடுத்தாங்கன்னு கேள்வி இல்ல சார். இருக்கா, இல்லையா?"

"இல்ல."

"இல்ல. சரி. சிறுநீரகம் எத்தனை இருக்கு?"

மாமா என்னைப் பார்த்தார். "வலதுல பாதி போயிடுச்சும்மா. இடது முதல்லயே..."

"எண்ணிக்கை மட்டும் சொல்லுங்க சார்."

நான் போனைப் பிடுங்கி நாலு வார்த்தை கேட்கலாம் என்று எழுந்தேன். அவர் வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

"ரெண்டு" என்றார்.

"ரெண்டு. ரொம்ப நன்றி சார், வாழ்த்துகள்!" என்று அவள் வைத்துவிட்டாள்.

அக்கா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "யாருங்க போன்ல?"

"ஆராய்ச்சிக்காரங்க" என்றார் மாமா, வீங்கிய காலை இரண்டு கையாலும் தூக்கி முக்காலியில் வைத்துக்கொண்டே. "நான் ஜெயிச்சுட்டேனாம்."